அவுட்டரில் நிற்கும் நம் குரல்

(செகந்திராபாத்தில் நடந்த நம் சங்கப் பொதுக்குழுவில், அமைப்புச் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாத தோழர்கள் கேட்டுக்கொண்டபடி இங்கே வெளியிடுகிறோம்.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவது பொருளாக 'வானொலி' என்று ஒரே ஒரு சொல் போட்டிருக்கிறோம். அதைப் பார்த்துவிட்டுச் சிலர் சிரித்தார்கள். "சந்துக்குச் சாக்கடை போட வழியில்லை, இவங்க ரேடியோ ஸ்டேஷன் வைக்கப் போறாங்களாம்" என்று டீக்கடையில் பேசியதும் நம் காதுக்கு வந்தது. சிரித்தவர்கள் மீது நமக்குக் கோபம் இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நாமும் சிரித்திருப்போம். ஆனால், இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போவோம். அதன் பிறகும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

2020ஆம் ஆண்டு மே மாதம். ஊரடங்கு. நம் நாட்டிலேயே முதலாவது தொழிலாளர் சிறப்பு ரயில் நம் ஊர்ப் பக்கமிருந்துதான் கிளம்பியது. மே 1, உழைப்பாளர் நாள் அன்று விடியுமுன், லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு ஏறத்தாழ 1,200 பேரை ஏற்றிக்கொண்டு போனது. அந்தச் செய்தி பரவியதும், வேறு ஒரு பொய்யும் அதன் தோளில் ஏறிக்கொண்டு பரவியது. "இன்று இரவு சென்னைக்கும் வண்டி உண்டு, ஆதார் அட்டையோடு வந்து சேருங்கள்" என்று நல்ல தமிழில் எழுதிய ஒரு வரி, போன் போனாகத் தாவியது. யார் எழுதினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

மாலைக்குள் நம் மக்கள் மூட்டை முடிச்சோடு ஸ்டேஷன் எதிரே வந்து நின்றார்கள். போர்வெல் லாரியில் வேலை செய்யும் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பிள்ளைகள், இஸ்திரி வண்டிக்காரர்கள், முறுக்குப் போடும் குடும்பங்கள். ஒரு குழந்தை இட்லிக் குண்டானைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றது. அன்று நாம் பணியில் இருந்தோம். அன்றிரவு சென்னைக்கு வண்டி இல்லை என்பது நமக்குக் காலையிலேயே தெரியும். நம்மிடம் இருந்த இருபது முப்பது பேர் நம்பருக்குச் சொன்னோம். மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது? அங்கே ஒலிபெருக்கியில் சொன்னார்கள், இந்தியில் சொன்னார்கள், தெலுங்கில் சொன்னார்கள். காதில் விழுந்தவர்களும் நம்பவில்லை. தமிழில் வந்த பொய், வேறு மொழியில் வந்த உண்மையைவிட நெருக்கமாக இருந்தது. கடைசியில் தடி வந்து கூட்டத்தைக் கலைத்தது.

ஒன்பது கிலோமீட்டர் நடந்து வந்திருந்த ஒரு பெரியவர் நம்மைப் பார்த்துக் கேட்டார்: "நீ ரயில்வேக்காரன்தானேப்பா? வண்டி இல்லைன்னு உனக்குத் தெரியும்தானே? ஏன் முன்னாடியே சொல்லல?"

அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. சொல்வதற்கு நமக்கு விஷயம் இருந்தது, சொல்ல வேண்டும் என்ற மனமும் இருந்தது. ஊர் கேட்கும்படி சொல்ல ஒரு வாய்தான் இல்லை. வானொலி என்ற எண்ணம் அங்கே பிறந்தது.

தோழர்களே, "நமக்கு இதழ் இருக்கிறதே" என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது. மாதம் தவறாமல் கொண்டுவரப் படும் பாடு நமக்குத் தெரியும். ஆனால், ஒன்றை ஒளிக்காமல் பேசுவோம். இதை நம் வீடுகளில் யார் படிக்கிறார்கள்? அப்பா படிக்கிறார். மகன் தெலுங்குப் பள்ளியிலோ இங்கிலீஷ் பள்ளியிலோ படித்தவன். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டத் தெரியாது. பாட்டிக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஆக, ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தால் இதழ் ஒருவரோடு நின்றுவிடுகிறது. காதுக்கு அந்தத் தடை இல்லை. கை வேலையில் இருக்கும்போதே காது கேட்கும்; மாவு அரைக்கும்போது கேட்கும், துணி தேய்க்கும்போது கேட்கும். ஒரு காலத்தில் நம் ஊர்களில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு எப்படி வீடு வீடாக நுழைந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

சரி, வானொலி வைக்க யாரைக் கேட்க வேண்டும்? காற்று யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

வெள்ளைக்காரன் 1885இல் இந்தியத் தந்திச் சட்டம் என்று ஒன்று போட்டான். தந்தி அனுப்பும் தனியுரிமை சர்க்காருக்கே என்று அதில் எழுதி வைத்தான். 1857இல் பட்டது அவனுக்கு மறந்திருக்குமா? செய்தி யார் கையில் இருக்கிறதோ அவன் கையில்தான் நாடு இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். வானொலி வந்தபோது அதுவும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே அடைபட்டது. வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. விடுதலை பெற்று ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், காற்றில் பேசும் உரிமை டில்லிக்கு மட்டுமே இருந்தது. அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அலைவரிசைக்குச் சாவி அரசிடமே இருக்கிறது.

இந்தப் பூட்டில் முதல் கீறல் விழுந்தது ஏழைகள் போட்ட வழக்கால் அல்ல, கிரிக்கெட்டால்! 1993இல் ஹீரோ கோப்பைப் போட்டிகளை யார் ஒளிபரப்புவது என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் தூர்தர்ஷனுக்கும் தகராறு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995 பிப்ரவரி 9ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகிய மூவரும் அமர்ந்த அமர்வு அது. காற்றலைகள் பொதுச் சொத்து. பொதுமக்கள் நலனுக்காக, பொது அமைப்பு ஒன்றின் ஒழுங்கின் கீழ் அவை பயன்பட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆற்று நீரைப் போல, புறம்போக்கு நிலத்தைப் போல, காற்றும் நம் எல்லோருக்கும் பொது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சொல்லிவிட்டது, பிறகு நடந்தது என்ன? புறம்போக்கு நிலத்துக்கு நடந்ததுதான். காசுள்ளவர்களுக்கு முதலில் ஏலம் விட்டார்கள். 2001இல் பெங்களூரில் தனியார் எஃப்.எம். பாடத் தொடங்கிவிட்டது. ஏழைகள் வரிசையில் நின்றார்கள். எவ்வளவு காலம் நின்றார்கள் என்பதற்கு நாம் தூரதேசம் போக வேண்டாம். இங்கிருந்து பீதர் போகும் வண்டியில் ஏறி ஜஹீராபாத்தில் இறங்கினால் போதும்.

அங்கே மாச்னூர் என்று ஒரு கிராமம். முன்பு மேதக் மாவட்டம், இப்போது சங்காரெட்டி மாவட்டம். தக்காண வளர்ச்சிச் சங்கம் என்ற அமைப்போடு சேர்ந்து, அந்தச் சுற்றுவட்டாரத்துத் தலித் பெண்கள் ஊருக்கு ஊர் சங்கம் வைத்திருக்கிறார்கள். கூலி வேலை செய்தவர்கள்; சோளம், கம்பு, தினை என்று பழைய விதைகளைக் காப்பாற்றி நிலத்தில் காலூன்றியவர்கள். பெரும்பாலோர் பள்ளிக்கூடம் கண்டதில்லை. "எங்கள் பேச்சை, எங்கள் பாட்டை, எங்கள் விதைகளைப் பற்றி நாங்களே வானொலியில் சொல்ல வேண்டும்" என்று அவர்கள் கேட்டார்கள். யுனெஸ்கோ உதவியோடு 1998 வாக்கில் ஒலிப்பதிவு அறை வந்தது, கருவிகள் வந்தன. அனுமதி வரவில்லை.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. நிகழ்ச்சிகளை நாடாவில் பதிவு செய்தார்கள். அந்த நாடாக்களை ஊர் ஊராக எடுத்துப் போய், சங்கக் கூட்டத்தில் டேப் ரிக்கார்டரை நடுவில் வைத்துப் போட்டுக் காட்டினார்கள். பத்து ஆண்டுகள் இப்படி! கருவி கையில் இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது, கேட்க ஊர் இருக்கிறது. நடுவில் இருக்கும் காற்றுக்கு மட்டும் அனுமதி இல்லை.

இடையில் 2002இல் டில்லி ஒரு கொள்கை அறிவித்தது: கல்வி நிறுவனங்கள் வளாக வானொலி வைக்கலாம் என்று. அதன்படி 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. நாட்டின் முதல் வளாக வானொலி தமிழ் மண்ணில் தொடங்கியது நமக்குப் பெருமைதான். ஆனால், மதில் சுவரும் பட்டமும் உள்ளவர்களுக்குத் திறந்த கதவு, மண்ணில் வேலை செய்பவர்களுக்குத் திறக்கவில்லை.

அதே காலத்தில் பீகாரில் வைசாலி மாவட்டத்து மன்சூர்பூர் கிராமத்தில் ராகவ் மகதோ என்ற இளைஞர், ரேடியோ ரிப்பேர் கடைக்காரர், ஏறக்குறைய ஐம்பது ரூபாய் செலவில் தானே ஒரு கருவி செய்து, மூங்கில் கம்பத்தில் கட்டி, 2003 முதல் ஒலிபரப்பினார். பாட்டுப் போட்டார், போலியோ பற்றிச் சொன்னார், காணாமல் போனவர்களைப் பற்றி அறிவித்தார். அவருக்கு உரிமம் என்று ஒன்று வேண்டும் என்பதே தெரியாது. பி.பி.சி. அவரைப் பற்றி எழுதிய பிறகு 2006இல் அதிகாரிகள் வந்து மூடிவிட்டார்கள். சட்டப்படி பார்த்தால் மூடியது சரி என்பார்கள். ஐம்பது ரூபாயில் முடிகிற காரியத்தை இத்தனை வருடம் ஏழைக்கு எட்டாமல் வைத்திருந்தது எந்தச் சட்டப்படி சரி என்று நாம் கேட்கிறோம்.

கடைசியில் 2006 நவம்பரில்தான், மக்களிடையே பணி செய்யும் அமைப்புகளும் வானொலி வைக்கலாம் என்று மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. மாச்னூர்ப் பெண்களின் சங்கம் ரேடியோ 2008 அக்டோபர் 15ஆம் நாள் காற்றில் ஏறியது. அதைத் தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? காற்று பொதுச் சொத்து என்று தீர்ப்பு எழுதிய அதே நீதிபதி சாவந்த், ஓய்வு பெற்ற பிறகு வந்து தொடங்கி வைத்தார். தீர்ப்புக்கும் அந்த நாளுக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள்.

தோழர்களே, ஒற்றைத் தடத்தில் வண்டி ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுத்தால்தான் வண்டி நகரும். சமுதாய வானொலி விண்ணப்பமும் அப்படித்தான். முதலில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். அது உள்துறையைக் கேட்கும், பாதுகாப்புத் துறையைக் கேட்கும். பிறகு அலைவரிசை ஒதுக்கத் தொலைத்தொடர்புத் துறையின் பிரிவு. கோபுரம் நிற்கும் இடம் விமானத்துக்கோ வேறு அலைக்கோ இடைஞ்சல் இல்லை என்று இன்னொரு குழுவின் சான்று. பின் ஒப்பந்தம், 25,000 ரூபாய் வங்கி உத்தரவாதம். எல்லாம் முடிந்து இயக்கும் உரிமம். ஒரு ஸ்டேஷனில் சிவப்பு விழுந்தால் பின்னால் எல்லாம் நிற்கும். ஊர் கண்ணுக்குத் தெரிகிறது, பிளாட்பாரத்து விளக்கு தெரிகிறது, வண்டி மட்டும் அவுட்டரில் நிற்கிறது. நம் குரலும் இன்று அங்கேதான் நிற்கிறது.

இவ்வளவு காவலும் எதற்கு? எத்தனை பெரிய கருவிக்கு? ஆகாசவாணியின் எஃப்.எம். நிலையங்கள் பல பத்தாயிரம் வாட் சக்தியில் ஒலிபரப்புகின்றன. சமுதாய வானொலிக்கு அனுமதிப்பது 50 வாட் கருவி. கோபுரத்து ஆன்டெனாவிலிருந்து புறப்படும் கணக்கில் 100 வாட். நம் பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு! கோபுரம் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. எஃப்.எம். அலை நேர்க்கோட்டில் போவது. கட்டடமும் குன்றும் மறிக்கும். ஆக, எட்டுவது சுமார் பத்து கிலோமீட்டர். அந்தப் பெரியவர் நடந்து வந்தது ஒன்பது கிலோமீட்டர் என்று சொன்னோம் அல்லவா? அவர் வீட்டுக் கதவு வரை இந்தச் சிறிய கருவி போயிருக்கும்.

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம்.

முதல் கசப்பு: செய்தி சொல்லக் கூடாது. தொலைக்காட்சியில் நாள் முழுதும் செய்தி என்ற பெயரில் சண்டை போடுகிறார்கள், அதற்குத் தடை இல்லை. பத்திரிகை போடலாம், அதற்கும் தடை இல்லை. பத்து கிலோமீட்டர் எட்டும் ஏழை வானொலி சொந்தமாகச் செய்தி சொன்னால் மட்டும் நாட்டுக்கு ஆபத்தாம். ஆகாசவாணி தரும் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். இது தவறு. இதை எதிர்த்து நம் சங்கம் இன்று தீர்மானம் போட வேண்டும். இங்கே பெரியவர்கள் சிலர், "செய்தி சொல்ல முடியாத வானொலி நமக்கு எதற்கு? பல்லில்லாத பாம்பு" என்றார்கள். அவர்களுக்கு ஒரு பதில். வானிலை, வெள்ளம், குடிநீர், மின்சாரம், போக்குவரத்து, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, நோய் எச்சரிக்கை போன்றவை அந்தத் தடைக்குள் வராது. பாம்பன் தீவில் 2016 ஆகஸ்ட் 15 முதல் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்காக நடக்கிறது. காற்று எப்படி, கடல் எப்படி என்று சொல்வது அவர்களுக்கு உயிர்ச் செய்தி. "இன்று இரவு சென்னைக்கு வண்டி இல்லை" என்பதும் போக்குவரத்து அறிவிப்புதானே? அந்த ஒரு வரியைச் சொல்ல முடிந்திருந்தால் போதாதா?

இரண்டாவது கசப்பு: அரசியல் கட்சியும், கட்சியைச் சேர்ந்த தொழிற்சங்கம், மாதர் அமைப்பு, மாணவர் அமைப்பும் விண்ணப்பிக்க முடியாது. "நம் யூனியன் பெயரில் போட்டுவிடுவோம், ஆள்பலம் இருக்கிறது" என்று சில தோழர்கள் சொன்னதற்கு இதுதான் பதில். யூனியன் பெயரில் போட்டால் முதல் ஸ்டேஷனிலேயே சிவப்பு. இந்தச் சங்கத்தின் பெயரில்தான் போட முடியும். அப்படிப் போட்டால், கொடியை வெளியே வைத்துவிட்டுத்தான் ஒலிப்பதிவு அறைக்குள் வர வேண்டும். எந்தக் கொடியானாலும். இது நமக்குக் கஷ்டம்தான். ஆனால், யோசித்துப் பாருங்கள்: இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்பும்போது நாம் கொடி பார்த்தா தோள் கொடுக்கிறோம்?

மூன்றாவது கசப்பு, இதைச் சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கிறது. விண்ணப்பிக்கும் அமைப்பு பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். உள்ளூர் மக்களிடையே மூன்று ஆண்டுகளாவது பணி செய்ததைக் காட்ட வேண்டும். நம் சங்கம் பதிவு பெற்றதுதான். இந்த ஆண்டு தொடக்கத்தில் விண்ணப்பத்துக்காக அலமாரியைத் திறந்து பார்த்தோம். நான்கு ஆண்டுகளாக வரவு செலவுக் கணக்கு தாக்கல் செய்யவில்லை. கூட்டக் குறிப்பேட்டில் பாதிப் பக்கம் எழுதி, பாதிப் பக்கம் வெறுமை. ஊரடங்கில் எத்தனை வீட்டுக்கு அரிசி கொடுத்தோம்? எத்தனை பேருக்கு மருத்துவமனையில் பேசிக் கொடுத்தோம்? எதுவும் எழுத்தில் இல்லை. ஊர் முழுக்க உழைத்துவிட்டு, உழைத்ததற்குச் சாட்சி இல்லாமல் நிற்கிறோம். இதற்கு டில்லியைக் குறை சொல்ல முடியாது. குமாஸ்தா வேலை பார்க்கும் நாமே நம் சங்கக் கணக்கை எழுதாமல் விட்டோம். பழியில் முதல் பங்கு அமைப்புச் செயலாளர் என்ற இந்தப் பொறுப்புக்கே. அதனால்தான் விண்ணப்பம் இன்னும் போகவில்லை. அரசாங்கத்தின் சிவப்பு விளக்குக்கு முன்னால் நம் சொந்தச் சிவப்பு விளக்கு எரிகிறது.

அடுத்தது காசு. விண்ணப்பக் கட்டணம் 2,500 ரூபாய், அது பெரிதல்ல. கருவி, கோபுரம், ஒலிப்பதிவு அறை என்று போனால் லட்சங்கள் ஆகும். அலைவரிசைக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. 19,700 ரூபாயாக இருந்ததை 2012இல் ஒரேயடியாக 91,000 ரூபாய் ஆக்கினார்கள். நாடெங்கும் சமுதாய வானொலிகள் ஒன்றுகூடி எதிர்த்தன. உயர்வு திரும்பப் பெறப்பட்டது. சேர்ந்து நின்றால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி. விளம்பரம் போட்டுக்கொள்ளலாம், 2024இல் விதியைத் திருத்தி, மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் வரை விளம்பரம், பத்து விநாடி அரசு விளம்பரத்துக்கு 74 ரூபாய் என்று ஆக்கியிருக்கிறார்கள். அனுமதிக் காலமும் பத்து ஆண்டு ஆகியிருக்கிறது. ஆனால், விளம்பரத்தை நம்பி அடுப்பில் உலை வைக்க முடியாது. காற்றில் ஏறுவது ஒரு போராட்டம் என்றால், மாதாமாதம் மின்கட்டணமும் படியும் கட்டி காற்றில் நிற்பது அதைவிடப் பெரிய போராட்டம். நாட்டில் இன்று ஏறத்தாழ ஐந்நூறு சமுதாய வானொலிகள் இருக்கின்றன. நூற்று நாற்பது கோடி மக்களுக்கு அது போதுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

சென்ற கமிட்டியில் ஒரு யோசனை வந்தது. நம் ஈமநிதியிலிருந்து, அதாவது இறந்தவர்களை ஊருக்குக் கொண்டுபோகச் சேர்த்து வைத்திருக்கும் பணத்திலிருந்து, கடனாக எடுக்கலாம் என்று. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால், அந்தப் பணத்தில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் முடிவு. அது வாரம் பத்து ரூபாயாக நம் அக்காமார்கள் இட்லி விற்ற காசில் வந்தது. "செத்தால் மண்ணாவது நம் ஊர் மண்" என்ற நம்பிக்கையில் கொடுத்தது. வாழ்கிறவன் குரலுக்காக, செத்தவனின் வழிச்செலவை எடுக்க வேண்டாம். வானொலிக்குத் தனி உண்டியல். அதில் விழுவது விழட்டும்.

இன்னொரு கேள்வி. இளைஞர்கள் கேட்கிறார்கள்: "போன் இருக்கே, அதுலயே பேசிப் போட்டால் போகுதே, கோபுரம் எதுக்கு?" நியாயமான கேள்வி. போனில் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால், அந்தப் பொய் பரவியதும் அதே போனில்தான். அனுப்பியவன் யார் என்று கேட்டால் ஆள் இல்லை. வானொலிக்கு ஒரு கதவு உண்டு, பூட்டு உண்டு, உள்ளே ஒரு நாற்காலியில் நம் தெருக்காரர் உட்கார்ந்திருப்பார். தப்பாகச் சொன்னால் மறுநாள் காலை போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். சட்டையைப் பிடிக்க முடிகிற ஆள் சொல்லும் சொல்லுக்குத்தான் ஊரில் மதிப்பு. மேலும், ரேடியோப் பெட்டிக்கு மாதாமாதம் ரீசார்ஜ் கிடையாது.

இன்னும் ஒன்று. "முழுக்க முழுக்கத் தமிழ் வானொலியாக இருக்க வேண்டும்" என்று சிலர் உணர்ச்சியோடு பேசினார்கள். தமிழ் மேல் நமக்கும் அந்த உணர்ச்சி உண்டு. ஆனால், நம் சந்தில் யார் யார் இருக்கிறார்கள்? அடுத்த வீட்டில் தெலுங்கு அம்மா, எதிர்வீட்டில் உருது பேசும் பாய், கோடியில் ஒடியாக் கொத்தனார்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் எல்லார் குடமும்தான் காலி. உள்ளூர் மொழிக்கும் வட்டார வழக்குக்கும் முதலிடம் தரச் சொல்லி விதியும் இருக்கிறது. குர்கானில் 2009இல் தொடங்கிய 'குர்கான் கி ஆவாஸ்' வானொலி, பல மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்களுக்கெல்லாம் இடம் கொடுத்தது. ஆகவே தமிழுக்கு அதில் அசையாத நேரம் வேண்டும் என்று கேட்போம். மற்றவர் நேரத்தையும் மதிப்போம். நம்மை வெளியூர்க்காரன் என்று ஒருவர் சொன்னால் எவ்வளவு வலிக்கும்? அதே சொல் நம் வானொலி வாசலில் எழுதியிருக்கக் கூடாது.

ஆகவே தோழர்களே, இந்தப் பொதுக்குழுவின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது, வரும் மூன்று மாதத்துக்குள் நான்காண்டுக் கணக்கையும் முடித்துத் தாக்கல் செய்வது. இன்று முதல் ஒவ்வொரு பணியும் குறிப்பேட்டில் ஏற வேண்டும்.

இரண்டாவது, அனுமதிக்குக் காத்திராமல் இந்த மாதமே ஒலிப்பதிவைத் தொடங்குவது. மாச்னூர்ப் பெண்கள் காட்டிய வழி. கர்நாடகத்தில், தங்கவயல் இருக்கும் அதே கோலார் மாவட்டத்தில், பூதிகோட்டை ஊரார் 2000களின் தொடக்கத்தில் காற்றுக்கு அனுமதி இல்லாததால் கேபிள் கம்பி வழியே 'நம்ம த்வனி' என்ற வானொலியைக் கேட்கச் செய்தார்கள். காற்று மறுக்கப்பட்டால் கம்பி, கம்பி இல்லாவிட்டால் நடு வீட்டில் ஒரு பெட்டி. ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்போம். பேசப் பழகாத வாய்க்கு உரிமம் கிடைத்து என்ன பயன்?

மூன்றாவது, வானொலிக் குழுவில் பாதிப்பேர் பெண்கள். 2024இல் திருத்திய விதியும் ஆலோசனைக் குழுவில் பாதி பெண்கள் வேண்டும் என்கிறது. விதி சொல்லாவிட்டாலும் நாம் செய்ய வேண்டியது அது. இந்த மேடையையே பாருங்கள். ஏழு நாற்காலி, ஏழிலும் ஆண்கள். கீழே பாயில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். இதையும் குறிப்பேட்டில் எழுதுவோம்.

நான்காவது, ஒரு விடுமுறை நாளில் இருபது பேர் மாச்னூருக்குப் போய்வருவது. அவரவர் டிக்கெட், அவரவர் கட்டுச்சோறு. பத்து ஆண்டு காத்திருப்பது எப்படி என்று காத்திருந்தவர்களிடமே கேட்டு வருவோம்.

அதிகம் பேசிவிட்டோம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்ற நமக்குச் சட்டம் முழுதும் தெரியும் என்று சொல்லவில்லை. ஆனால் வண்டி எப்போது கிளம்பும், எப்போது கிளம்பாது என்பது கொஞ்சம் தெரியும். அவுட்டரில் நிற்கும் வண்டி கெட்டுப்போன வண்டி அல்ல. சிக்னல் விழுந்த உடனே இழுக்க அதில் நெருப்பு அணையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலத்து நீராவி இன்ஜினில் வேலை பார்த்த பெரியவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். நிற்கும் வண்டியில்தான் ஃபயர்மேனுக்கு வேலை அதிகம் என்று அவர்கள் சொல்வார்கள்.

அந்தப் பெரியவர், அன்றிரவு நம்மைக் கேள்வி கேட்டவர், இப்போது ஊரில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். திரும்பி வருவாரோ தெரியாது. வந்தால் அதே கேள்வியை மறுபடி கேட்க அவருக்கு இடம் வைக்கக் கூடாது.

யோசனைகளை ஒவ்வொன்றாக ஓட்டுக்கு விடும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு முடிக்கிறோம்.

(நான்கு யோசனைகளும் ஓட்டுக்கு விடப்பட்டன. முதல் மூன்றும் ஒருமனதாக நிறைவேறின. நான்காவதில், கட்டுச்சோறு அவரவர் கொண்டுவருவதா, சங்கமே சமைப்பதா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு எழுந்து, சங்கமே சமைப்பது என்று முடிவாயிற்று. சமைப்பதில் ஆண்களும் சேர வேண்டும் என்று மாதர் பகுதியிலிருந்து வந்த திருத்தம் ஏற்கப்பட்டது. வானொலி உண்டியலில் அன்றிரவு 3,460 ரூபாய் சேர்ந்தது. — ஆசிரியர் குழு)